இதயத்தைக் காப்பது ஆராய்ச்சிக் கூடமே!

(‘இதயத்தைக் காப்பதில் பெரும்பங்கு அடுப்பங்கரைக்கா? ஆராய்ச்சிக் கூடத்துக்கா?’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், இரண்டாவது அணியில் பேசியது.)

 

எனக்கு முன்னால் பேசின அக்கா ரொம்ப அழகாப் பேசினாங்க. கீரை, கொள்ளு, பூண்டு, வெந்தயம்னு ஒரு மளிகைக் கடையையே மேடையில கொண்டுவந்து இறக்கிட்டாங்க. கேட்கக் கேட்க எனக்கே பசி வந்துடுச்சு. (சிரிப்பு) “ஆராய்ச்சிக் கூடத்துல என்ன இருக்கு? எலியும் கண்ணாடிக் குழாயும்தானே இருக்கு!” என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா, உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எங்க வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவர் அனுமதிக்க வேண்டும்.

1983ஆம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில ஒரு சின்னக் கிராமம். நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்க அப்பாவுக்கு அப்போ வயசு 51. வயல் வேலை பார்த்த உடம்பு. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல, “நெஞ்சைப் பிசையற மாதிரி இருக்குடா, இடது தோள்பட்டை கடுக்குது”ன்னார். சட்டை நனையற அளவுக்கு வேர்வை. எங்க அம்மா என்ன சொன்னாங்க? “வாயுப் பிடிப்பு, மத்தியானம் மொச்சைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டீங்கல்ல”ன்னாங்க. பெட்டிக்கடைக்காரரை எழுப்பி நான்தான் கோலி சோடா வாங்கிட்டு வந்தேன். அம்மா பூண்டைச் சுட்டுக் கொடுத்தாங்க. சுக்குக் கஷாயம் வச்சாங்க. டவுனுக்கு முதல் பஸ் காலையில ஆறு மணிக்கு. அப்பா நாலரை மணிக்கே போயிட்டார்.

அந்த ராத்திரி எங்க அடுப்பங்கரை சும்மா இருக்கலை நடுவர் அவர்களே! விடிய விடிய எரிஞ்சது. அன்பாலே எரிஞ்சது. ஆனா அந்த அடுப்பால எங்க அப்பாவைக் காப்பாத்த முடியலை.

இதிலே எனக்கு இன்னிக்கும் ஆறாத ஒரு விஷயம் இருக்கு. எங்க வீட்டு மாடக்குழியில, விபூதித் தட்டுக்குப் பக்கத்துல, தலைவலி மாத்திரை ஒரு அட்டை கிடந்தது. அது ஆஸ்பிரின். அந்த மாத்திரைக்கு மாரடைப்பு நேரத்துல உயிர் காக்கிற சக்தி உண்டு என்பது அன்றைக்கு எங்க அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவை விடுங்க, அப்படி அடித்துச் சொல்லும் நிலையில் உலகத்தில் எந்த டாக்டரும் அன்று இல்லை. மாத்திரை வீட்டில் இருந்தது. அறிவு உலகத்திலேயே இல்லை. அந்த அறிவு எப்போ வந்தது? ஐந்து வருஷம் கழிச்சு, 1988ல வந்தது. எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சியிலிருந்து வந்தது! (கைதட்டல்)

அந்தக் கதையைச் சொல்கிறேன். மாரடைப்பு என்றால் என்ன? இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபடுவது. குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படிவு பல வருஷமாகச் சேருகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிப்பு விடுகிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. கட்டி குழாயை அடைக்கிறது. அதற்கு அப்பால் இருக்கிற இதயத் தசை, தண்ணி இல்லாத பயிர் மாதிரி வாடிச் சாகிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட இதைச் சொல்லும். ஆனால் ரத்தக்கட்டி முதலில் வந்து மாரடைப்பை உண்டாக்குகிறதா, மாரடைப்பு வந்த பிறகு கட்டி உண்டாகிறதா என்று டாக்டர்களுக்குள்ளேயே பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. 1980ல் அமெரிக்காவில் ஸ்போகேன் என்கிற ஊர் டாக்டர்கள், வலி வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே நோயாளிகளின் இதயக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் குழாய் முழுசா அடைபட்டிருந்தது. கட்டிதான் குற்றவாளி என்று நிரூபணம் ஆச்சு.

காரணம் தெரிந்தவுடன் மருந்துக்கு வழி பிறந்தது. கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி. மேலும் கட்டி சேராமல் தடுக்க ஆஸ்பிரின். இரண்டும் நிஜமாகவே உயிரைக் காக்கிறதா? ‘எங்க சித்தப்பாவுக்குக் கேட்டுச்சு, எங்க மாமாவுக்குக் கேட்கலை’ன்னு சொல்றது ஆராய்ச்சி ஆகாது. 16 நாடுகளில், 417 ஆஸ்பத்திரிகளில், 17,187 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ‘ஐசிஸ் இரண்டு’ என்று அந்த ஆய்வுக்குப் பேர். 1988ல் முடிவு வந்தது. இரண்டு மருந்தும் கொடுக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் நூற்றுக்கு 13 பேர் இறந்தார்கள். இரண்டும் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 8 பேர். அக்கா, அந்த வித்தியாசத்தைக் கணக்கு நோட்டில் பார்க்காதீங்க. ஒரு தெருவில் நூறு வீடு இருந்தா, அதில் ஐந்து வீட்டில் தாலி தப்பியது என்று பாருங்க! (கைதட்டல்)

இதுல ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆய்வை வெளியிட்ட பத்திரிகை, “ஆண், பெண், வயசானவர், வயசு குறைஞ்சவர்னு கூறு கூறாப் பிரிச்சுக் கணக்குக் காட்டுங்க”ன்னு கேட்டுது. அப்படிப் பிரிச்சா தப்பான முடிவு வரும்னு ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். என்ன செஞ்சாங்க தெரியுமா? “இந்தாங்க, ராசிவாரியாவும் பிரிச்சுத் தர்றோம்”னு ஒரு கணக்குக் கொடுத்தாங்க! பிறந்த தேதியை வச்சு, மேல்நாட்டு ராசிக் கணக்கு. அதன்படி, மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யலை! (பலத்த சிரிப்பு) நடுவர் அவர்களே, உங்க ராசி என்னவோ எனக்குத் தெரியாது. பயப்படாதீங்க. எல்லா ராசிக்கும் அது வேலை செய்யும். கணக்கைக் கூறுபோட்டால் பொய்யும் நிஜம் மாதிரி தோன்றும் என்பதைக் காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். தன் கணக்கிலேயே ஏமாறக்கூடாது என்று தன்னையே காவல் காக்கிறது பாருங்கள், அதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி!

சரி, அடுத்ததாக அண்ணாச்சி ஒரு பெரிய வெடியைப் போட்டார். “பின்லாந்து நாட்டில் வடகரேலியா என்கிற பகுதியில், ஊசி போட்டா மாரடைப்பைக் குறைத்தார்கள்? சாப்பாட்டை மாற்றித்தானே குறைத்தார்கள்!” என்று கேட்டார். உண்மைதான் அண்ணாச்சி. நான் மறுக்கவில்லை. 1972ல் அங்கே திட்டம் தொடங்கினார்கள். நடுத்தர வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வெண்ணெயைக் குறைத்தார்கள், காய்கறியைக் கூட்டினார்கள், புகையை விட்டார்கள். ஆனா நான் கேட்கிறேன்: வெண்ணெயைக் குறைன்னு அந்த அடுப்பங்கரைக்குச் சொன்னது யாரு? அடுப்பா சொன்னது? தலைமுறை தலைமுறையா வெண்ணெயை அள்ளி அள்ளிப் போட்டதும் அதே அடுப்பங்கரைதானே! அது தவறு என்று கண்டுபிடித்துச் சொன்னது ஆராய்ச்சி அல்லவா?

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைப் பாருங்கள். உலகப் போரையே நடத்திய மனிதர். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். வயது 63. அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300க்கு 190! வெள்ளை மாளிகையில் சமையல்காரருக்குப் பஞ்சமா? டாக்டருக்குப் பஞ்சமா? இல்லை. வயசானால் அழுத்தம் கூடுவது இயற்கைதான் என்று டாக்டர்களே நினைத்திருந்த காலம் அது. மூன்று வருஷம் கழித்து, 1948ல், பிரேமிங்ஹாம் என்கிற சின்ன ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு ஆரம்பித்தார்கள். மருந்து கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், எடை, புகைப் பழக்கம் எல்லாம் குறித்துக்கொண்டே வந்தார்கள். பொறுமையைப் பாருங்க! அப்புறம் அவங்க பிள்ளைகளைச் சேர்த்தாங்க. அதுக்கப்புறம் பேரன் பேத்திகளையும் சேர்த்தாங்க. உயர் ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், சிகரெட், இவைதான் இதயத்துக்கு எமன் என்று உலகத்துக்கு அடித்துச் சொன்ன பெருமை அந்த ஊருக்கு உண்டு. இன்னிக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கையில பட்டையைக் கட்டி பிரஷர் பார்க்கிறாங்களே, அந்தப் பழக்கத்துக்குப் பின்னால அந்த ஊர் ஜனங்க இருக்காங்க.

“அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, நமக்கு எதுக்கு?” என்று யாராவது கேட்கலாம். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப், 52 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2004ல் வெளியிட்டார். முதல் மாரடைப்புக்குக் காரணம் எதுவென்று தேடினார். புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய்கனி தின்னாமை, உடல் உழைப்பின்மை, மதுப் பழக்கத்தின் அளவு என்று ஒன்பது விஷயங்களை எடுத்துப் பார்த்தார். உலகத்தில் வரும் முதல் மாரடைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த ஒன்பதுக்குள் அடங்கிவிடுகிறது! அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நம்ம தெற்காசிய ஜனங்களுக்கு, மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னாடியே மாரடைப்பு வந்துவிடுகிறது. ‘எல்லாம் தலையெழுத்து’ என்று நாம சொல்லிக்கிட்டிருந்தோம். அந்தத் தலையெழுத்தில் பெரும்பகுதியை அழித்து எழுத முடியும் என்று ஆராய்ச்சி சொன்னது. இதைவிட ஒரு ஆறுதல் உண்டா?

அக்கா அடுப்பங்கரையை விட மாட்டாங்க. அதனால அவங்களுக்கு ரெண்டு புள்ளி நானே விட்டுக்கொடுக்கிறேன். ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒரு விஞ்ஞானி. கொலஸ்டிராலைக் குறைக்க மருந்து தேடி, ஆறாயிரம் வகை பூஞ்சைக் காளான்களைச் சோதித்தார். 1973ல் கிடைத்தது! எதிலிருந்து? கியோட்டோ நகரத்து அரிசிக் கடையில் எடுத்த அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து! (சிரிப்பு) “பார்த்தியா, அரிசி எங்க கட்சி”ன்னு அக்கா சிரிக்கிறாங்க. அக்கா, அரிசியில பூஞ்சை பூத்தா அடுப்பங்கரையில என்ன செய்வீங்க? குப்பையில கொட்டுவீங்க. அவர் அதை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுபோனார்! (கைதட்டல்) அந்த வழியில் வந்ததுதான் இன்றைக்குக் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிற ஸ்டாட்டின் மாத்திரை. 1994ல் வடஐரோப்பிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் சோதித்ததில், அந்த மாத்திரை சாவை 30 சதவீதம் குறைத்தது. எண்டோ 2024ல், 90 வயதில் மறைந்தார்.

இரண்டாவது புள்ளி. அடைபட்ட குழாய்க்குள் சின்ன பலூனை அனுப்பி, ஊதி, அடைப்பை விலக்குகிறார்களே, அந்தப் பலூனை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர் எங்கே உட்கார்ந்து செய்தார் தெரியுமா? சூரிக் நகரத்தில், தன் வீட்டுச் சமையலறை மேசையில்! (சிரிப்பு, கைதட்டல்) 1977 செப்டம்பர் 16ஆம் தேதி, 38 வயது நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அதை இதயக் குழாயில் செய்தார். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. ஆக, சமையலறை பயன்பட்டது. எப்போ? ஆராய்ச்சிக் கூடமாக மாறினபோது! நடுவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“ஆராய்ச்சி இன்னிக்கு ஒன்னு சொல்லும், நாளைக்கு மாத்தும்”னு ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். மாத்தும். மாத்தத்தான் வேணும். ஆஸ்பிரின் நல்லதுன்னு தெரிஞ்சதும், நோய் இல்லாதவர்களும் தினம் ஒன்று போட ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வயதான 19,114 பேரிடம் சோதித்து, 2018ல் ஆராய்ச்சி சொன்னது: இதய நோய் இல்லாத பெரியவர்களுக்கு இதனால் ஆயுள் கூடவில்லை, ரத்தக் கசிவுதான் கூடுகிறது என்று. ஆகவே தாய்மார்களே, என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். அவரவர் டாக்டரைக் கேளுங்கள். தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்கிற நேர்மை ஆராய்ச்சிக்கு உண்டு. எங்க வீட்டில் நான் ஒருநாளும் அதைச் செய்தது கிடையாது! (சிரிப்பு)

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்கிற அதிகாரத்தில் என்ன சொல்கிறார்? நோய் என்ன என்று பார், அது எதனால் வந்தது என்று பார், அதைத் தீர்க்கும் வழியைப் பார் என்று வரிசைப்படுத்துகிறார். ‘அதே அதிகாரத்துல பாதிக்கு மேல அளவாச் சாப்பிடச் சொல்லித்தானே பாடியிருக்கார்’னு அண்ணாச்சி கேட்பார். ஒத்துக்கொள்கிறேன். வராமல் காக்க அளவுச் சாப்பாடு வேண்டும். ஆனா அந்த ‘எதனால் வந்தது’ என்கிற கேள்வி இருக்கே, அதுதான் ஆராய்ச்சியின் கருவறை.

மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே, தொடங்கின கதையை முடிச்சுடறேன்.

2019ஆம் ஆண்டு. அதே வீடு. எங்க அண்ணனுக்கு 56 வயசு. பீடிப் பழக்கம் உண்டு, சொன்னாக் கேட்கலை. அதே மாதிரி ராத்திரி. அதே நெஞ்சுப் பிசைவு, அதே வேர்வை. எங்க மதினி ஓடிப்போய் என்ன கொண்டுவந்தாங்க? சோடா! நான் அன்னிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்தச் சோடாவைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிப்போச்சு. “மதினி, அதைக் கீழே வைங்க”ன்னேன். 108க்கு அடிச்சேன். தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் போனிலேயே நாலு கேள்வி கேட்டுட்டு, ஆஸ்பிரினைக் கடிச்சு மெல்லச் சொன்னார். வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில இ.சி.ஜி. எடுத்தார்கள், குழாயில் அடைப்பு என்றார்கள், விடியறதுக்குள்ள பலூனும் ஸ்டென்டும் வச்சாச்சு. காலையில ஆறு மணிக்கு, அந்த முதல் பஸ் புறப்படுகிற நேரத்துக்கு, எங்க அண்ணன் கண்ணைத் திறந்து, “டேய், காப்பி கிடைக்குமா?”ன்னார். (கைதட்டல்)

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் 36 வருஷம். வீடு மாறலை. அன்பு மாறலை. சோடாகூட மாறலை. மாறியது ஒன்றே ஒன்று. மனிதன் தெரிந்துகொண்டது மாறியது. 1983ல அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தா அப்பா பிழைச்சிருப்பார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அவருக்கு ஒரு வாய்ப்பாவது கிடைச்சிருக்கும். எங்க அம்மா கடைசி வரைக்கும், “நான் மொச்சைக்கொட்டை வச்சிருக்கக் கூடாதுடா”ன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. மொச்சை காரணம் இல்லம்மா என்று சொல்கிற அறிவை எனக்குக் கொடுத்ததும் ஆராய்ச்சிதான். அதை நான் அவங்ககிட்ட சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அவங்க நிம்மதியாத் தூங்கினாங்க.

நம்ம தமிழ்நாட்டு டாக்டர்களே சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸால் இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆய்வு செய்து 2017ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் திட்டமும் வந்தது. ஆராய்ச்சி நம் தெருமுனைக்கு வந்து நிற்கிறது. நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். நெஞ்சுவலி, வேர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் கடுப்பு என்றால், வாயு என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம். பெண்களுக்கு வெறும் களைப்பும் வயிற்றுப் புரட்டலுமாகக்கூட வரும், அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். சோடாவைத் தேடாதீர்கள், 108ஐத் தேடுங்கள்.

அக்கா, உங்க அடுப்பங்கரைக்கு நான் எதிரி இல்லை. கீரை வையுங்க, உப்பைக் குறையுங்க, நானும் வந்து சாப்பிடறேன். ஆனா எதைக் குறைக்கணும், எதைக் கூட்டணும், எந்த நேரத்துல அடுப்பை விட்டுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்னு சொல்லிக் கொடுத்தது ஆராய்ச்சிக் கூடம். ஆகவே இதயத்தைக் காப்பதில் பெரும்பங்கு ஆராய்ச்சிக் கூடத்துக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு, அப்பாவை இழந்தவனாகவும், அண்ணனைப் பெற்றுக்கொண்டவனாகவும் நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.